கணவாய் கடந்த இலை

தமிழகத்தை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் அன்பர்களுக்கு ஒரு சொல்லின் வரலாற்றோடு இப்பேச்சைத் தொடங்குவது பொருந்தும். நாம் புகையிலை என்கிறோம். மலையாளத்தார் புகயில என்கின்றனர். ஆந்திரர் பொகாகு என்பர். கன்னடர் ஹொகெஸொப்பு என்பர். இலங்கையில் சிங்களவர் தும்கொள என்பர். எல்லாம் புகையையும் இலையையும் இணைத்துப் பிறந்த சொற்கள். மும்பையிலும் தில்லியிலும் கேட்கும் தம்பாகூ, தமாக்கு என்னும் பெயர்களோ போர்த்துக்கீசியர் வாய்வழி வந்தவை. தென்னாட்டார் பொருளைக் கடன் பெற்றனர். பெயரைத் தாமே சூட்டிக்கொண்டனர். இதில் ஒரு விந்தையும் உண்டு. புகை என்று பெயரிட்ட நாமே அவ்விலையின் பெரும் பங்கை வெற்றிலையோடு சேர்த்து மென்றோம்.

புகைப்பவன் ஒரு கண்கொண்டு இலையைப் பார்க்கிறான். மெல்பவன் வேறொரு கண்கொண்டு பார்க்கிறான். இவ்விரு பார்வைகளும், அவற்றுக்கிடையே வரி தண்ட வந்த அரசின் பார்வையும், பாலக்காட்டுக் கணவாயிலும் இன்றைய இடுக்கி மாவட்டத்து மலை எல்லையிலும் எவ்வாறு ஒன்றோடொன்று மோதின என்பதே நாம் காணவிருக்கும் வரலாறு.

அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த இச்செடியைப் போர்த்துக்கீசியர் நம் கடற்கரைக்குக் கொண்டுவந்தனர். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீஜப்பூரிலிருந்து அக்பரின் அவைக்கு ஒரு சுங்கானும் சிறிது புகையிலையும் காணிக்கையாகச் சென்றன. 1604-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் புகைப் பழக்கத்தைக் கண்டித்து ஒரு சிறு நூலே எழுதினார். 1617-இல் ஜகாங்கீர் புகையிலைக்குத் தடை விதித்தார். இரு மன்னர்களின் சினமும் பயன் தரவில்லை. ஜேம்ஸ் மன்னர் கண்டித்த சில ஆண்டுகளுக்குள்ளாகவே, 1612-ஐ ஒட்டி, ஜான் ரோல்ஃப் என்பவர் அவருடைய வர்ஜீனியாக் குடியேற்றத்தில் புகையிலை பயிரிடத் தொடங்கினார். அக்குடியேற்றம் பிழைத்ததே அந்த இலையால்தான். அவ்விலையின் செல்வம் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் உழைப்பில் வளர்ந்தது என்பதையும் வரலாறு மறைக்கவில்லை.

வர்ஜீனியா என்பது இன்று ஓர் ஊரின் பெயராக மட்டும் நிற்கவில்லை. ஒரு பக்குவத்தின் பெயராகவும் ஆகிவிட்டது. இலையைப் பறித்துக் கோலில் கட்டி, நான்கு புறமும் அடைத்த கொட்டகையில் தொங்கவிடுவர். வெளியே மூட்டிய தீயின் வெப்பத்தைத் தகரக் குழாய்கள் உள்ளே கொண்டு செல்லும். புகை மட்டும் இலையைத் தீண்டாது. ஐந்தாறு நாளில் பச்சை நிறம் மாறி எலுமிச்சை மஞ்சளும் பொன்னிறமும் ஏறும். இலையின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி அப்படியே தங்கிவிடும். இந்தப் பொன்னிற இலையின் மூலத்தைப் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. 1839-இல் வட கரோலினாவில் ஸ்டீபன் என்னும் அடிமை இளைஞர் இரவில் கொட்டகைத் தீயைக் காத்திருந்து கண்ணயர்ந்துவிட்டாராம். விழித்தபோது தீ அணையும் நிலையில் இருக்க, கொல்லன் உலைக்கான கரியை அள்ளிப் போட்டாராம். திடீரென எழுந்த அவ்வெப்பத்தில் இலை பொன்னாயிற்றாம். செல்வம் தோட்ட உடைமையாளருக்குச் சேர்ந்தது, கைவினை அடிமையினுடையது.

இத்தகைய இலையைச் சுங்கானுக்கென்று கலந்து வைத்தால், அறிந்தவர் அதை எங்ஙனம் மதிப்பிடுவர்? முதலில் நிறம் பார்ப்பர். இளமஞ்சள் இலை மிகுந்தால் புல்லின் மணமும் மெல்லிய புளிப்பும் தோன்றும். முதிர்ந்த செவ்விலை மிகுந்தால் உலர்ந்த பழத்தின் இனிப்பும் சுட்ட ரொட்டியின் வாசனையும் எழும். அடுத்து விரலிடையே வைத்து அழுத்துவர். கட்டியாக ஒட்டினால் ஈரம் மிகுதி. பொடியாக உதிர்ந்தால் வறட்சி. அழுத்தம் நீங்கியதும் மெல்ல விரிந்தெழுவதே பக்குவம். பின்பு தீயிட்டு, அவசரமின்றி இழுப்பர். சர்க்கரை மிகுந்த இலை ஆதலால் வேகமாக இழுத்தால் நாவைச் சுடும். நிதானமாக இழுப்பவருக்கே அதன் இனிமை விளங்கும். இறுதியில் கிண்ணத்தின் அடியைப் பார்ப்பர். ஈரமின்றி நுண்சாம்பலாக முடிந்தால் இலை நன்கு பதப்பட்டது என்பது முடிவு. சாம்பலைக் கொண்டே புகையிலையை அறியலாம் என்பது மிகையன்று. 1887-இல் கானன் டாயில் படைத்த துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸ், தம் முதற்கதையிலேயே சாம்பலைப் பார்த்துத் திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுகொள்கிறார். நம் நாட்டுச் சுருட்டு இலண்டன் மாநகரில் அத்துணை அறிமுகம் பெற்றிருந்தது.

இனி, கொங்குநாட்டு வியாபாரியின் கண்ணால் பார்ப்போம். கோயம்புத்தூர், ஈரோடு வட்டாரங்களிலும் திண்டுக்கல் பகுதியிலும் வட்டக்கப்பல், ஊசிக்கப்பல், மீனம்பாளையம் எனப் பல வகை இலைகள் விளைந்தன. மெல்லும் புகையிலைக்கு இலை தடித்திருக்க வேண்டும்; நிறம் கறுத்திருக்க வேண்டும்; காரம் நாவில் ஏறி நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாடம் செய்த இலையின் மேல் வெண்ணிறமாய் உப்புப் பூத்திருக்க வேண்டும். அந்த வெண்பூச்சே நல்ல சரக்கின் அடையாளம். அதனால் உவர்நீர்க் கிணற்றுப் பாசனத்தில் விளைந்த இலைக்குத் தனி மதிப்பு இருந்தது. மற்றப் பயிர்க்கு ஆகாத நீர் என்று உழவன் வருந்திய கிணறே புகையிலைக்கு வரமாக அமைந்தது.

இங்கேதான் இரு மதிப்பீடுகளும் எதிரெதிராக நிற்கின்றன. உவர்நீரிலுள்ள குளோரைடு இலையில் ஏறினால் அந்த இலை சரியாக எரியாது, நடுவிலேயே அணைந்துவிடும். மெல்பவன் போற்றும் குணத்தையே புகைப்பவன் குறையென்று ஒதுக்குகிறான். வர்ஜீனியா இலைக்கும் சுருட்டு இலைக்கும் உவர்நீர் பகை. வெற்றிலைப் பைக்குப் போகும் இலைக்கு அது துணை. ஆகவே, நல்ல புகையிலை எது என்று ஒருவர் வினவினால், யாருடைய வாய்க்கு என்று திருப்பி வினவுவதே முறை.

கொங்குநாட்டு இலையைப் பெரிதும் விரும்பியது மலையாள நாடு. அங்கே பெய்யும் பெருமழையில் புகையிலை பயிராவது அரிது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 20 மைல் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் இருக்க, இலை மலையேற வேண்டிய தேவையும் இல்லை. பொதிமாடுகளும் வண்டிகளும் கிழக்கிலிருந்து புகையிலையும் துணியும் ஏற்றிச் சென்றன. மேற்கிலிருந்து பாக்கும் மிளகும் தேங்காயும் ஏற்றி வந்தன. 1800-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் புக்கானன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் கோயம்புத்தூர் வழியாகப் பாலக்காட்டுக்குச் சென்று, வழியெல்லாம் பயிர்களையும் வாணிகத்தையும் குறித்துவைத்தார். அக்குறிப்புகள் 1807-இல் நூலாக வெளிவந்தன.

அதே காலத்தில்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் கண் இந்த இலைமீது விழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் மலபாரில் புகையிலை விற்பனை கம்பெனியின் ஏகபோகமாயிற்று. பின்னர், விளைவிக்கும் கோயம்புத்தூர்ச் சீமையும் அதன் பிடிக்குள் கொண்டுவரப்பட்டது. கிழக்கே மலிவாக வாங்குவது, மேற்கே பன்மடங்கு விலைக்கு விற்பது: இதுவே திட்டம். உழவன் யாருக்கு விற்பது என்பதும், மலபார்க் குடியானவன் எந்த இலையை எந்த விலைக்கு வாங்குவது என்பதும் கச்சேரியில் தீர்மானிக்கப்பட்டன. கிணற்றின் உவர்ப்பையும் இலையின் காரத்தையும் அறிந்த கைகளிலிருந்து மதிப்பிடும் உரிமை பறிபோயிற்று. அரசின் கணக்கேட்டில் இலைக்கு ஒரே ஒரு சுவைதான் இருந்தது: அது வருவாய்.

அதன் விளைவுகள் இரண்டு. ஒன்று, ஊழல். கோயம்புத்தூர் மாவட்ட நிருவாகத்தில் நிகழ்ந்த முறைகேடுகளை ஆராய 1816-இல் தாமஸ் மன்றோவும் ஜான் சல்லிவனும் விசாரணை நடத்தினர். கருவூலப் பொறுப்பில் இருந்தவர் பொதுப்பணத்தைத் தம் சொந்த வாணிகத்துக்குத் திருப்பியமை அப்போது வெளிவந்தது. புகையிலை வாணிகமும் அந்த முறைகேடுகளோடு பிணைந்திருந்தது. இரண்டாவது விளைவு, கள்ளக் கடத்தல். கணவாயின் இருபுறத்தும் ஒரே சுற்றத்தார் வாழ்ந்தனர். போதாக்குறைக்கு, கொச்சி அரசின் சித்தூர்ப் பகுதி கம்பெனி நிலத்தால் சூழப்பட்டுத் தனித் தீவுபோல் கிடந்தது. இப்படிப் பின்னிக்கிடந்த எல்லையில் எத்தனை காவற்சாவடி வைத்தால்தான் என்ன? தலைமுறை தலைமுறையாகத் தொழில் என்று செய்துவந்த செயல் ஓர் உத்தரவால் குற்றமாயிற்று. அந்த ஏகபோகம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்து, 1850-களின் தொடக்கத்தில் ஒழிந்தது. அதற்குப் பத்தாண்டுக்குள், 1862-இல், சென்னையிலிருந்து பேப்பூர் வரை இருப்புப்பாதை கணவாயைக் கடந்தது. பொதிமாட்டின் காலம் மெல்ல மறைந்தது.

தெற்கே திருவிதாங்கூரின் கதை சற்று வேறு. அங்கும் புகையிலை அரசின் ஏகபோகமே. ஆனால் அந்நாட்டு மக்களின் நாவைக் கவர்ந்தது கடல்கடந்து வந்த யாழ்ப்பாணத்து இலை. தேங்காய் மட்டையின் புகையில் பதப்படுத்திய அவ்விலையின் மணமே தனி. யாழ்ப்பாணத்து உழவரின் செல்வம் பல காலம் திருவிதாங்கூர்க்காரரின் வெற்றிலைச் செல்லத்தை நம்பியிருந்தது. கும்பகோணத்தில் பிறந்த திவான் டி. மாதவராவ் 1860-களில் ஏகபோகத்தை நீக்கி, அதற்கு ஈடாக இறக்குமதித் தீர்வையை வைத்தார். 1865-இல் ஆங்கில அரசும் திருவிதாங்கூரும் கொச்சியும் செய்துகொண்ட வாணிக உடன்படிக்கை பல சுங்கத் தடைகளை அகற்றியது. ஆயினும் புகையிலைத் தீர்வை நின்றது. தீர்வை உள்ளவரை, கம்பம், போடி மலைப்பாதைகளைச் சௌக்கைக்காரர்கள் கண்காணிக்கவும் வேண்டியிருந்தது.

அம்மலைப்பாதைகளில் பின்னர் வேறொரு கூட்டம் ஏறியது. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாற்று அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். மேற்சொன்ன தாமஸ் மன்றோ வேறு, இவர் வேறு. காடு திருத்தவும் தேயிலை பயிரிடவும் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து தமிழ் மக்கள் மூணாற்றுக்கும் பீர்மேட்டுக்கும் சென்றனர். துரையின் பங்களாவில் சுங்கான். தொழிலாளியின் மடியில் வெற்றிலைச் சுருக்குப் பை. ஒரே செடியின் இரு பிள்ளைகள் ஒரே மலையில், ஒன்றையொன்று அறியாமல் வாழ்ந்தன. தொழிலாளிக்குப் புகையிலை குளிருக்கும் பசிக்கும் துணையென்று தோன்றிற்று. காலில் ஏறும் அட்டையை விரட்டவும் உதவிற்று. ஊரிலிருந்து வருவோரிடம் சொல்லியனுப்பிப் பெற்ற சொந்த மண்ணின் இலைக்கு வேறொன்று ஈடாகவில்லை. அயலூரில் வாழும் நம்மில் பலர், நம் ஊர்க் காப்பித்தூளையும் மிளகாய்ப்பொடியையும் இன்றும் அவ்வாறே பெறுகிறோம் அல்லவா? நா எளிதில் குடிபெயர்வதில்லை.

வர்ஜீனியா இலை இந்நாட்டு மண்ணில் வாணிகப் பயிராக வேரூன்றியது 1920-களில், குண்டூர் வட்டாரத்தில். 1947-இல் இராஜமுந்திரியில் மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. மெல்லும் இலையையும் சுருட்டு இலையையும் ஆராய, அடுத்த ஆண்டிலேயே திண்டுக்கல்லை அடுத்த வேடசந்தூரில் ஒரு நிலையம் அமைந்தது. உழவனின் விரலும் வியாபாரியின் நாவும் கண்டறிந்ததை ஆய்வுக்கூடம் எண்ணால் எழுதிக்காட்டியது. 1976-இல் புகையிலை வாரியம் ஏற்பட்டது; அடுத்த பத்தாண்டில் வர்ஜீனியா இலைக்கு ஏல முறை வந்தது. உழவன் கண்முன்னே தரம் பார்த்து விலை கூறும் முறை அது. கம்பெனிக் கச்சேரி பறித்துக்கொண்ட உரிமையில் ஒரு பகுதியேனும் இவ்வாறு திரும்பியது எனலாம்.

இன்று வேறொரு மதிப்பீடும் வந்திருக்கிறது. அதை யாரும் மறுத்தல் இயலாது. சுங்கானின் இனிய புகையும் சரி, வெற்றிலையோடு மெல்லும் கார இலையும் சரி, புற்றுநோய்க்கு வழியாகும் என்று மருத்துவம் ஐயமற நிறுவியுள்ளது. ஈரமான பச்சை இலையைப் பறிப்பவரின் தோல்வழியே நஞ்சு ஏறித் தலைசுற்றலும் வாந்தியும் தோன்றுவதும் அறியப்பட்ட செய்தி. 1999-இல் கேரள உயர்நீதிமன்றம் பொது இடங்களில் புகைப்பதைத் தடுத்துத் தீர்ப்பளித்தது. 2003-இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. மன்னர் இருவரின் சினத்துக்குப் பணியாத இலை இப்போது மருத்துவரின் சொல்லுக்கு மெல்ல மெல்லப் பணிந்து வருகிறது. அது நன்மையே. அவ்விலையை நம்பி உவர்நிலத்தில் வாழும் உழவனுக்கு மாற்றுப் பயிர் தேடித் தருவதும் அந்த நன்மையின் ஒரு பகுதியாதல் வேண்டும்.

எல்லைகளும் மாறின. மலபார் மாவட்டம் 1956-இல் கேரளத்தோடு இணைந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே அமைந்தன. 1972-இல் இடுக்கி மாவட்டம் பிறந்தது. வாளையாற்றில் மைல் கணக்கில் லாரிகளை நிறுத்திவைத்த விற்பனைவரிச் சாவடிகள் 2017-இல் சரக்கு சேவை வரி வந்ததும் எடுபட்டன. சித்தூரிலும் கொல்லங்கோட்டிலும் மூணாற்றிலும் குமுளியிலும் தமிழும் மலையாளமும் ஒரே கடைத்திண்ணையில் இன்றும் பேசப்படுகின்றன. வரி தண்டியோர் போயினர், சாவடிகள் போயின, இலையின் பெருமையும் குறைந்து வருகிறது. அதைச் சுமந்து நடந்தவர்கள் இரு மொழிகளுக்கிடையே இட்ட பாதை மட்டும் நிலைத்திருக்கிறது.