அந்தோணியாரா, சூசையப்பரா? தெருமுனைச் சிலையைப் பார்த்ததும் கண்டுபிடிக்க ஈஸி வழி!

பஸ் ஸ்டாப் பக்கத்துல, மீன் மார்க்கெட் வாசல்ல, ஆஸ்பத்திரி வளாகத்துல... கண்ணாடிக் கூண்டுக்குள்ள மாலையோட நிக்கிற ஒரு புனிதரை நீங்க தினமும் கடந்துபோயிட்டு இருப்பீங்க. யாருன்னு கேட்டா, 'மாதா', 'ஏசு' இந்த ரெண்டைத் தாண்டி நம்மில் பலருக்குப் பதில் வராது. ஆனா, அந்தச் சிலைகள் ஒவ்வொண்ணும் தன்னோட அடையாள அட்டையைக் கையிலேயே வெச்சிருக்கு.

முகத்தை விடுங்க, கையைப் பாருங்க

வேல் இருந்தா முருகன், புல்லாங்குழல் இருந்தா கண்ணன். இதே லாஜிக்தான் இங்கேயும். எழுத்து தெரியாத பக்தர்களுக்கும் யார் எவர்னு புரியணும் என்பதால், ஒவ்வொரு புனிதருக்கும் ஒரு பொருள், ஓர் உடை என்று பல நூற்றாண்டுகளாகப் பழகி வந்திருக்கிறது. சாவி வெச்சிருந்தா இராயப்பர், அதாவது பேதுரு. வாளும் புத்தகமும்னா சின்னப்பர், அதாவது பவுல். இறக்கையோட, காலடியில் சாத்தானை மிதிச்சுக்கிட்டு, சில இடங்களில் தராசும் பிடிச்சிருந்தா அவர் மிக்கேல் சம்மனசு. மரத்தில் கட்டப்பட்டு, உடம்பெல்லாம் அம்பு தைத்து நிற்பவர் செபஸ்தியார். அந்த அம்புகளால் அவர் இறக்கவில்லை, பிழைத்து வந்து பிறகு அடித்துக் கொல்லப்பட்டார் என்பதுதான் மரபு. ஆனா சிற்பிகள் அம்பை விடவே இல்லை.

குதிரைமேல வர்றவர் சந்தியாகப்பர். ஸ்பெயின்காரங்க 'சந்தியாகோ' என்று கூப்பிடும் அதே யாக்கோபு. ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் போனா, அவர் பேர்ல ஒரு கோயிலே இருக்கு.

அதிகம் குழப்புறது அந்தோணியாரும் சூசையப்பரும்தான். ரெண்டு பேருமே குழந்தை இயேசுவைத் தூக்கிட்டு, லீலி மலர் பிடிச்சிருப்பாங்க. தாடியைப் பாருங்க. தாடி இருந்தா சூசையப்பர், இயேசுவை வளர்த்த தந்தை. தச்சர் என்பதால் சில சிலைகளில் மட்டப்பலகையோ ரம்பமோ இருக்கும். தாடி இல்லாம, உச்சந்தலை மழித்து, பழுப்பு அங்கியில் இருந்தா அந்தோணியார். இடுப்புக் கயிற்றில் 3 முடிச்சு இருக்கான்னு எண்ணிப் பாருங்க. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று பிரான்சிஸ்கன் துறவிகள் எடுக்கும் 3 வாக்குறுதிகளுக்கான முடிச்சுகள் அவை. லிஸ்பனில் பிறந்து 1231-ல் இறந்தவர். அவர் அடக்கம் செய்யப்பட்டது செவ்வாய்க்கிழமை என்பது மரபு. உவரியிலும் புளியம்பட்டியிலும் செவ்வாய்க்கிழமை ஏன் அவ்வளவு கூட்டம்னு இப்போ புரியுதா?

கெபிக்குள்ள ஒரு பிரெஞ்சு கிராமம்

பாறை மாதிரி சிமென்ட்டில் குகை கட்டி, உள்ளே மாதாவை வெச்சிருப்பாங்களே, அதுக்குப் பேர் கெபி. பெரும்பாலான கெபிகள் பிரான்ஸின் லூர்து நகரில் இருக்கும் குகையின் நகல். 1858-ல் அங்கே பெர்னதெத் என்ற 14 வயது ஏழைப் பெண் ஒரு பெண்மணியை 18 முறை பார்த்ததாகச் சொன்னாள். வெள்ளை உடை, நீலக் கச்சை, ஒவ்வொரு பாதத்திலும் ஒரு மஞ்சள் ரோஜா, கையில் ஜெபமாலை. அவள் சொன்னதைக் கேட்டு ஃபாபிஷ் என்ற சிற்பி செய்த பளிங்குச் சிலை 1864-ல் குகையில் வைக்கப்பட்டது. அதைப் பார்த்த பெர்னதெத்துக்குத் திருப்தி இல்லை. தான் பார்த்தது இது இல்லை என்றே அவள் நினைத்தாள். ஆனாலும், உலகம் முழுக்கப் பரவியது அந்தச் சிலைதான்! அடுத்த முறை கெபியைத் தாண்டும்போது பாதத்தைப் பாருங்க. ரோஜா இருந்தா லூர்து மாதா. எதிரே முழங்கால்படியிட்டு ஒரு சின்னப் பொண்ணு சிலை இருந்தா, அதுதான் பெர்னதெத்.

எல்லா மாதாவும் ஐரோப்பிய முகத்தோடயே ஏன் இருக்காங்கன்னு கேட்கலாம். 19-ம் நூற்றாண்டில் பாரீஸின் சான் சுல்பீஸ் தேவாலயத்தைச் சுற்றியிருந்த கடைகள், அச்சில் வார்த்த பிளாஸ்டர் சிலைகளை உலகம் முழுக்க அனுப்பின. அந்த மென்மையான, ரோஸ் கன்னமுள்ள முகம்தான் 'புனிதமான முகம்' என்று நம் மனசிலும் பதிஞ்சுபோச்சு. அதுக்கு ரொம்ப முன்னாடியே, வீரமாமுனிவர் விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவைத் தமிழ்ப் பெண்ணாகச் சேலையில் நிறுத்திட்டார். வேளாங்கண்ணி மாதாவும் பட்டுச் சேலையில்தான். ஓரியூரில் 1693-ல் கொல்லப்பட்ட அருளானந்தர், ஊரில் போர்த்துக்கீசியர், சிலையில் காவி கட்டிய சந்நியாசி. லேட்டஸ்ட் வரவு தேவசகாயம். குமரி மாவட்டம் நட்டாலத்துக்காரர். 1752-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டு, 2022 மே 15-ல் புனிதரானவர். விலங்கு பூட்டிய கையோடு ஒரு புனிதரைப் பார்த்தா, தயங்காம அவர் பேரைச் சொல்லலாம்.

பெயின்ட் டப்பா வந்தா உஷார்

திருவிழாவுக்கு முன்னாடி சிலைக்குப் புது எனாமல் அடிக்கிறது நம்ம ஊர் வழக்கம். உப்புக் காற்றுக்கு அது தேவையும்கூட. ஆனா, பழைய மரச்சிலைமேல வருஷா வருஷம் பூச்சு ஏறினா, விரல் நுனியும் அங்கி மடிப்பும் மொழுமொழுன்னு ஆகிடும். அதைவிடக் கொடுமை, 'பழசாயிடுச்சு' என்று மரச்சிலையை ஸ்டோர் ரூமில் போட்டுட்டு, பளபள ஃபைபர் சிலையை ஏத்துறது. தலைக்குப் பின்னால சுத்துற கலர் எல்.இ.டி வளையம் பற்றி நான் எதுவும் சொல்றதா இல்லை. உங்க ஊர் கோயிலில் அப்படி ஒரு மரச்சிலை மூலையில் கிடந்தா, பங்குத்தந்தையிடம் கேட்டு நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைங்க. கரையான் அரிச்ச பிறகு கேட்டா யாருக்கும் ஞாபகம் இருக்காது. மந்திரிக்கப்பட்ட சிலை உடைஞ்சு சரிசெய்ய முடியாமல் போனா, குப்பையில் போடுவதில்லை. மண்ணில் புதைப்பது அல்லது எரிப்பதுதான் கத்தோலிக்க வழக்கம்.

'சிலையையா கும்பிடுறாங்க?' என்ற சண்டை இன்னிக்கு நேற்று வந்ததில்லை. 787-ல் நிசேயாவில் கூடிய சங்கமே இதைப் பேசி முடித்தது. ஆராதனை கடவுளுக்கு மட்டும். உருவத்துக்குக் கொடுக்கும் மரியாதை அந்த உருவத்துக்கு உரியவரைப் போய்ச் சேரும். ஃபிரேம் போட்ட தாத்தா படத்துக்கு மாலை போடுற வீட்டுக்கு இது விளக்க வேண்டியதில்லை.

பார்க்கப் போறீங்கன்னா, திருப்பலி நேரத்தில் ஃப்ளாஷ் வேண்டாம். யாரோ நேர்ந்து ஏத்தின மெழுகுவத்தியை ரீல்ஸுக்காக நகர்த்தவும் வேண்டாம். ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணியிலும் சென்னை பெசன்ட் நகரிலும் நிற்க இடம் கிடைக்காது. நிதானமா பார்க்கணும்னா வேற மாசம் போங்க. ஈஸ்டருக்கு முந்தைய ரெண்டு வாரம் போனா, சில கோயில்களில் சிலைகளை ஊதாத் துணியால மூடியிருப்பாங்க. ரிப்பேர்னு நினைச்சுத் திரும்பிடாதீங்க. தவக்கால வழக்கம் அது. ஈஸ்டர் இரவு வழிபாட்டுக்கு முன்னாடி எடுத்துடுவாங்க.