கெங்கவல்லி (தனி): ஒரு சொல்லுக்குள் தொலைந்த வரலாறு

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நம் மாணவர்கள் ஆங்கிலச் சொற்களைப் பொருளோடு மனப்பாடம் செய்கிறார்கள். ‘செப்பரேட்’ என்றால் தனி; ‘ரிசர்வ்டு’ என்றால் ஒதுக்கப்பட்டது. தேர்தல் வந்தால் நம் தொகுதி ‘கெங்கவல்லி (தனி)’ என்று அச்சாகிறது. சட்டப்படி இது ‘ரிசர்வ்டு’ தொகுதி. தமிழில் அது ‘தனி’ ஆகிவிட்டது.

இதனால் என்ன கெட்டது? “அம்பேத்கர் தனித்தொகுதி கேட்டார்” என்று மேடையில் பேசுகிறோம். கேட்பவர், “அதுதான் இப்போது இருக்கிறதே” என்று நினைத்துக்கொள்கிறார். அண்ணல் கேட்டது அதுவல்ல.

லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் வைத்த கோரிக்கை ‘செப்பரேட் எலக்டரேட்’. ‘கான்ஸ்டிட்யுவன்சி’ என்பது தொகுதி. ‘எலக்டரேட்’ என்பது வாக்களிக்கும் மக்கள். அதாவது, நம் பிரதிநிதியை நம் மக்கள் மட்டுமே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது. 1932 ஆகஸ்டில் ராம்சே மெக்டொனால்டு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு இதை வழங்கியது. பொதுத் தொகுதியிலும் வாக்களிக்கலாம் என்பதால் இது இரட்டை வாக்குரிமை.

செப்டம்பர் 20 அன்று எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். 24ஆம் தேதி பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. சென்னை மாகாணத்தில் நமக்கு 18 இடங்கள் என்றிருந்தது 30 ஆனது. எண்ணிக்கை கூடியது, தேர்ந்தெடுக்கும் அதிகாரம் கைமாறியது. நம் மக்கள் முதற்கட்டத் தேர்தலில் நால்வரைத் தேர்வு செய்யலாம். அவர்களில் ஒருவரை எல்லாச் சாதியினரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பில் அந்த முதற்கட்டத் தேர்தலும் இல்லை. சட்டமன்றத்துக்கான 332ஆம் பிரிவு ஒதுக்குவது இடத்தை மட்டுமே.

அன்றே நமக்குள் விவாதம் இருந்தது. எம்.சி.ராஜா 1932 தொடக்கத்தில் மூஞ்சேவுடன் உடன்பாடு செய்துகொண்டு, ஒதுக்கீட்டுடன் கூடிய கூட்டு வாக்காளர் முறையை ஆதரித்தார். எது சரி என்று இன்றும் வாதிடலாம். ஆனால் இரண்டு முறைகளையும் ஒரே சொல்லால் அழைத்தால் வாதமே எழாது.

ஆகவே தோழர்களே, ஆங்கிலச் சொல்லைப் படிக்கும்போது அகராதிப் பொருளோடு நின்றுவிட வேண்டாம். அந்தச் சொல் யாருக்கு எந்த அதிகாரத்தைத் தந்தது, எப்போது பறித்தது என்றும் பக்கத்தில் எழுதி வைப்போம். கெங்கவல்லியில் நிற்பவர் பட்டியல் சாதியினராக இருக்க வேண்டும். அவரை ஜெயிக்க வைப்பதும் தோற்கடிப்பதும் தொகுதியின் எல்லா வாக்காளர்களும்தான். இதற்குப் பெயர் ‘ஒதுக்கீட்டுத் தொகுதி’. அப்படியே சொல்லிப் பழகுவோம்.