கல்கத்தாப் பல்கலைக்கழகக் கல்வி அவைகளும் இந்திய மொழிகளும் (1857–1937)

இந்திய மொழிகள் பல்கலைக்கழகப் பாடங்களாக வளர்ந்த வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் தனி அறிஞர்களின் ஆர்வத்தைக் கொண்டோ, அரசின் கொள்கை அறிக்கைகளைக் கொண்டோ அதனை விளக்குவர். அவ்விரண்டிற்கும் இடையில் நிற்பது ஒன்றுண்டு. ஒரு மொழியை எந்த வகுப்பில், எந்த நூல்களைக் கொண்டு, யார் கற்பிப்பது என்று முடிவு செய்த அவைகளில் எவரெவர் உறுப்பினராக இருந்தனர், எவரெவர் வெளியே நின்றனர் என்பதே அது. இக்கேள்விக்கு விடை காண்பதற்குக் கல்கத்தாப் பல்கலைக்கழகம் தக்க களமாக அமைகின்றது.

தேர்வு மன்றமாக இருந்த காலம்

கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டத்தால் தோன்றியது. அதே ஆண்டில் பம்பாயும் சென்னையும் தொடர்ந்தன. மூன்றிற்கும் மாதிரி அன்றைய இலண்டன் பல்கலைக்கழகமாகும். கற்பிப்பது கல்லூரிகளின் பணி. பாடத்திட்டம் வகுப்பதும் தேர்வு நடத்துவதும் பட்டம் வழங்குவதும் பல்கலைக்கழகத்தின் பணி. நிருவாகம் வேந்தர், துணைவேந்தர், உறுப்பினர்கள் அடங்கிய செனட்டிடம் இருந்தது. உறுப்பினர்களை அரசு வாழ்நாள் முழுமைக்கும் நியமித்தது. நீதிபதிகள், ஆட்சி அலுவலர்கள், சமயப் பணியாளர்கள் ஆகியோர் அதில் நிறைந்திருந்தனர். முதல் துணைவேந்தரான ஜேம்ஸ் வில்லியம் கொல்வில் ஒரு நீதிபதி. கல்லூரியில் கற்பிப்போருக்கு இத்தனை இடங்கள் என்ற வரையறை சட்டத்தில் இல்லை.

இவ்வமைப்பு மொழிக் கல்வியை எவ்வாறு பாதித்தது என்பது விரைவிலேயே தெரிந்தது. தொடக்க ஆண்டுகளில் நுழைவுத் தேர்வின் சில பாடங்களுக்கு மாணவர் தம் மொழியிலேயே விடை எழுத இடமிருந்தது. 1860களில் இவ்வாய்ப்பு மறைந்தது. மேல் தேர்வுகளில் இரண்டாம் மொழி என்ற இடம் சமஸ்கிருதம், அரபி, பாரசீகம் முதலிய செம்மொழிகளுக்கு உரியதாயிற்று. வங்க மொழியை ஒரு வரியும் எழுதாமல் ஒரு வங்காளி பட்டதாரியாகும் நிலை இவ்வாறு உருவாயிற்று. வகுப்பறையில் நின்றவர்களைக் கேட்டு எடுக்கப்பட்ட முடிவன்று இது.

1891ஆம் ஆண்டுத் தீர்மானம்

1890இல் குருதாஸ் பானர்ஜி துணைவேந்தரானார். அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே. தம் பட்டமளிப்பு விழா உரையில் நாட்டுமொழிகளுக்கு ஆதரவாக அவர் பேசினார். 1891இல், அப்போது 27 வயதே நிரம்பிய ஆசுதோஷ் முகர்ஜி, உயர் தேர்வுகளில் இந்திய மொழிகளுக்கு இடமளிக்க வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். 1858இல் இப்பல்கலைக்கழகத்தின் முதல் இரு பட்டதாரிகளுள் ஒருவரான பங்கிம் சந்திர சட்டர்ஜி அதனை ஆதரித்தார். எனினும் தீர்மானம் தோற்றது.

எதிர்த்தோர் அனைவரும் ஆங்கிலேயர் அல்லர் என்பது இங்குக் கருதத்தக்கது. செம்மொழிக் கல்வி தேய்ந்துவிடும் என்ற அச்சம் இந்திய உறுப்பினரிடையேயும் இருந்தது. பட்ட வகுப்பிற்கு ஏற்ற நூல்கள் வங்க மொழியில் இல்லை என்ற வாதமும் வலுவாக இருந்தது. பாடமாக இல்லாத மொழியில் பாடநூல் எழுதுவோர் யார் என்ற மறுகேள்வி எளிதில் எழக்கூடியது. பங்கிம் சந்திரர் தம் நாவல்களில் பெரும்பாலானவற்றை எழுதி முடித்திருந்த காலத்தில், அவர் அவையிலேயே இருக்க, அவர் மொழியில் படிக்கத்தக்க நூல்கள் போதா என்று வாதிடப்பட்டது எனின், அவ்வவை தன் மாணவர் என்ன படித்துக்கொண்டிருந்தனர் என்பதை அறியாத அவையாகவே இருந்திருக்க வேண்டும்.

1904ஆம் ஆண்டுச் சட்டம் தந்த முரண்

கர்சன் பிரபு 1902இல் பல்கலைக்கழக ஆணையம் ஒன்றை அமைத்தார். அதன் பயனாக 1904ஆம் ஆண்டு இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் நிறைவேறியது. பழைய மூன்று பல்கலைக்கழகங்களிலும் செனட் உறுப்பினர் எண்ணிக்கை 50க்குக் குறையாமலும் 100க்கு மிகாமலும் இருக்க வேண்டும். பதவிக் காலம் வாழ்நாள் என்பது நீங்கி 5 ஆண்டுகளாயிற்று. தேர்ந்தெடுக்கப்படும் இடங்கள் 20 மட்டுமே. எஞ்சியோரில் பெரும்பாலோர் வேந்தரால் நியமிக்கப்பட்டனர். இந்தியத் தலைவர்கள் இதனை அரசுக் கட்டுப்பாடு என்று கண்டித்தனர், கண்டனத்தில் உண்மையுண்டு.

ஆயினும் 1891இல் தோற்ற கொள்கை வெற்றி பெற்றது இச்சட்டத்தின் கீழேதான். புதிய விதிகளை வகுக்கும் பொறுப்பு 1906இல் துணைவேந்தரான ஆசுதோஷ் முகர்ஜியிடம் வந்தது. அவ்விதிகளின்படி மெட்ரிகுலேஷன், இண்டர்மீடியட், பி.ஏ. ஆகிய நிலைகளில் நாட்டுமொழிக் கட்டுரை கட்டாயமாயிற்று. ஆகவே அவையின் விடுதலை பெருகினால் மொழியின் நிலையும் உயரும் என்று நேர்கோடு வரைய இயலாது. விதிகளின் முதல் வரைவை எழுதுவோர் யார் என்பதும் வாக்கெடுப்பிற்கு நிகரான ஆற்றலுடையது. மேலும், ஆசிரியர்களின் ஆட்சியுரிமையை வளர்த்தவராகப் போற்றப்படும் ஆசுதோஷ் தாம் ஆசிரியரல்லர்; 1904 முதல் உயர்நீதிமன்ற நீதிபதி.

முதுகலை மன்றங்கள்

உண்மையான மாற்றம் 1917இல் வந்தது. கல்லூரிகள் தனித்தனியே நடத்திவந்த முதுகலைக் கல்வியைப் பல்கலைக்கழகமே ஏற்பது என்ற திட்டம், ஆசுதோஷ் தலைமையில் 1916இல் அமைந்த குழுவின் அறிக்கையிலிருந்து பிறந்தது. கலைக்கு ஒன்று, அறிவியலுக்கு ஒன்று என இரு முதுகலை மன்றங்கள் ஏற்பட்டன. முதுகலை கற்பிக்கும் ஆசிரியர் அனைவரும் தம் பணியின் காரணத்தாலேயே இவற்றில் உறுப்பினராயினர். ஒவ்வொரு பாடத்திற்கும் உயர்கல்வி வாரியம் ஒன்று அமைந்தது. பாடத்திட்டமும் நூற்பட்டியலும் வாரியத்தில் தொடங்கி, மன்றத்தின் செயற்குழுவையும் மன்றத்தையும் கடந்து, சிண்டிகேட்டிற்கும் செனட்டிற்கும் சென்றன. முன்பு மேலிருந்து கீழ் வந்த கருத்து இப்போது கீழிருந்து மேலே சென்றது.

இவ்வழியில் சென்று வெற்றி பெற்ற திட்டங்களுள் மொழியியலாளர்க்கு இன்றியமையாதது 1919இல் தொடங்கிய இந்திய நாட்டுமொழிகள் எம்.ஏ. படிப்பாகும். இந்திய மொழிகளுக்கென முதுகலைப் பட்டம் வழங்க முற்பட்ட முன்னோடி முயற்சி அது. தினேஷ் சந்திர சேன் துறையின் தூணாக விளங்கினார். ‘ஸ்ரீகிருஷ்ண கீர்த்தனம்’ என்னும் பழைய வங்கக் காவியத்தின் ஓலையை ஒத்த கையெழுத்துப் படியைக் கண்டெடுத்து 1916இல் பதிப்பித்த வசந்தரஞ்சன் ராய் அங்கு ஆசிரியரானார். ஒரு மொழியை முதன்மையாகவும் மற்றொன்றைத் துணையாகவும் மாணவர் பயில வேண்டும். பாலி, பிராகிருதம் போன்ற அடிப்படை மொழிகளின் அறிவும் வேண்டும். இத்திட்டத்தில் வங்கம் மட்டுமன்றி ஒடியா, அசாமி, இந்தி முதலியனவும் இடம்பெற்றன. மைதிலிக்கு முதலில் இடமளித்த பல்கலைக்கழகமும் கல்கத்தாவே. ஒடியா இலக்கியத் தொகுப்பை விஜயசந்திர மஜும்தாரும், அசாமி இலக்கியத் தொகுப்பை ஹேமசந்திர கோஸ்வாமியும், இந்தித் தொகுப்பை லாலா சீதாராமும் உருவாக்க, பல்கலைக்கழகம் வெளியிட்டது. நூல்கள் இல்லை என்ற 1891ஆம் ஆண்டு வாதத்திற்கு விடை இத்தொகுப்புகளே.

இத்துறையின் பெயர் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு சிக்கல் தருவது. ‘வெர்னாகுலர்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் தாய்மொழி, நாட்டுமொழி, வட்டார மொழி என மூன்றையும் வழங்குவர். ஒரு வங்க மாணவர் துணைப்பாடமாகப் பயின்ற ஒடியா அவருக்குத் தாய்மொழியன்று. மாநிலம் முழுதும் பரவிய மொழியை வட்டார மொழி என்பதும் பொருந்தாது. நாட்டுமொழி என்பதே ஓரளவு ஒத்துவருகின்றது. வீட்டில் பிறந்த அடிமை என்ற இலத்தீன் வேரையுடைய அச்சொல்லைப் பல்கலைக்கழகமே பின்னர்க் கைவிட்டு, இக்கால இந்திய மொழிகள் என்ற பெயரை ஏற்றது.

ஒப்பியல் மொழிநூலுக்கு 1917இல் ஐ.ஜே.எஸ். தாராபூர்வாலா பேராசிரியரானார். இலண்டனில் ஆய்வை முடித்துத் திரும்பிய சுனிதி குமார் சட்டர்ஜி 1922இல் இந்திய மொழியியல், ஒலியியல் ஆகியவற்றிற்கான கைரா பேராசிரியராக அமர்ந்தார். வங்க மொழியின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றிய அவரது பெருநூலைப் பல்கலைக்கழகம் 1926இல் வெளியிட்டது. ஆட்களைத் தேடுவதில் மாகாண எல்லை பார்க்கப்படவில்லை. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. இராமன் 1917இல் பாலித் இயற்பியல் பேராசிரியரானதும், திருத்தணியில் பிறந்த ச. இராதாகிருஷ்ணன் 1921இல் மெய்யியல் பேராசிரியராகச் சென்றதும் இப்போக்கின் விளைவுகளே.

இம்மன்றங்கள் குறையற்றவை அல்ல. ஆசிரியர் பலரின் நியமனம் குறுகிய காலத்திற்குரியது. பதவி நீட்டிப்பை எதிர்நோக்கி நிற்பவர் அவையில் துணைவேந்தரை எதிர்த்துப் பேசுவது அரிது. மன்றம் ஆசிரியர்களுடையது, விருப்பம் ஆசுதோஷுடையது என்று எதிரிகள் கூறியதை முற்றிலும் அவதூறு என ஒதுக்க இயலாது.

பணமும் நிபந்தனையும்

1917 முதல் 1919 வரை பணியாற்றிய மைக்கேல் சாட்லர் தலைமையிலான ஆணையத்தில் ஆசுதோஷும் உறுப்பினர். ஆணையத்தின் அறிக்கை 13 தொகுதிகளாக வெளிவந்தது. கல்வித் தரத்தையும் பாடங்களையும் முடிவு செய்வதற்குச் செனட்டினின்று வேறான கல்விக் குழு வேண்டும் என்பது அதன் முக்கியக் கருத்துகளுள் ஒன்று. 1921இல் வகுப்புகளைத் தொடங்கிய டாக்கா பல்கலைக்கழகம் இதன்படி அமைந்தது. சென்னையில் 1923ஆம் ஆண்டுச் சட்டம் கல்விக் குழுவை ஏற்படுத்தியது. எந்தப் பல்கலைக்கழகத்தை ஆராய ஆணையம் அமைந்ததோ, அந்தக் கல்கத்தாவில் மட்டும் சீர்திருத்தம் நடைபெறவில்லை. பணமில்லை என்பது காரணம். அரசுக்கும் பல்கலைக்கழகத்திற்கும் இருந்த பகையும் காரணம்.

முதுகலைத் துறைகள் விரிந்த வேகத்திற்கு வருவாய் ஈடுகொடுக்கவில்லை. ஆசிரியர் ஊதியம் நிலுவையாயிற்று. 1922இல் வங்க அரசு 2.5 லட்சம் ரூபாய் தர முன்வந்தது, நிபந்தனைகளுடன். கணக்குகளையும் செலவையும் அரசு கட்டுப்படுத்துவது அவற்றின் உட்கருத்து. கடனில் இருக்கும் நிறுவனத்திடம் கணக்குக் கேட்பது நியாயமே. ஆனால் புதிய செலவிற்கு அரசின் ஒப்புதல் வேண்டும் எனின், புதிய பாடத்திற்கும் வேண்டும் என்றாகும். மாணவர் குறைவாகவுள்ள மொழித் துறைகளே முதலில் வெட்டுப்படும். செனட் அத்தொகையை மறுத்தது. மறுப்பின் சுமையைத் தாங்கியோர் ஊதியம் பெறாத ஆசிரியர்களே என்பதும் மறைக்கத்தக்கதன்று. 1923 மார்ச்சில் வேந்தர் லிட்டன் பிரபு, எதிர்ப்பைக் கைவிட்டு அரசுடன் ஒத்துழைக்கும் உறுதியுடன் மீண்டும் துணைவேந்தராக இருக்குமாறு கேட்டபோது, ஆசுதோஷ் கடுமையான கடிதம் எழுதி மறுத்தார். 1924 மே மாதம் பாட்னாவில் அவர் காலமானார். அதற்கு முந்திய ஆண்டில் அவர் மகன் சியாமபிரசாத், பி.ஏ.வில் ஆங்கிலம் பயின்றவர், தந்தை தொடங்கிய நாட்டுமொழிப் பிரிவில் வங்க எம்.ஏ. பட்டம் பெற்றிருந்தார்.

கலைச்சொல்லும் எழுத்துக்கூட்டலும்

சியாமபிரசாத் துணைவேந்தராக இருந்த 1934–38 காலத்தில் மெட்ரிகுலேஷன் பாடங்களை நாட்டுமொழியில் கற்பிக்கும் விதிகள் உறுதியாயின. 1940இல் அவ்வாறே தேர்வு நடந்தது. அதற்கு முன் கலைச்சொற்கள் தேவைப்பட்டன. பல்கலைக்கழகம் கலைச்சொற் குழுவையும், 1935இல் எழுத்துக்கூட்டல் குழுவையும் அமைத்தது. பின்னதற்கு இராஜசேகர் பசு தலைவர். சுனிதி குமார் சட்டர்ஜி போன்ற பல்கலைக்கழக ஆசிரியர்கள் உறுப்பினராயினர். 1936இல் வெளியான விதிகள் சில சொற்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களை ஏற்றன. ரேபத்தின் பின் மெய் இரட்டிப்பதை நீக்கியது அனைவருக்கும் உடனே கண்ணில்பட்ட மாற்றம். இரவீந்திரநாத் தாகூரும் சரத் சந்திரரும் விதிகளுக்கு இசைவு தெரிவித்துக் கையொப்பமிட்டனர். கணிதம் கற்பித்த தேவபிரசாத் கோஷ் ஒவ்வொரு விதியாக எடுத்து எதிர்த்தார். தாகூருடன் கடிதம் வழியாகவும் வாதிட்டார். குழு எதிர்ப்புகளைப் பரிசீலித்துச் சில விதிகளை மாற்றி, 1937இல் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது.