துணியில் சாயம் நிற்க என்ன வேண்டும்? காம்பியர் முதல் கடுக்காய் வரை

சுவா சூ காங், லிம் சூ காங் என்ற பெயர்களைச் சிங்கப்பூரில் அறியாதவர் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆற்றோரங்களில் மிளகும் காம்பியரும் பயிரிட்ட சீனத் தோட்டக்காரர்களின் குடியிருப்புகளிலிருந்து வந்தது அந்த ‘சூ காங்’. மிளகு தெரியும். காம்பியர் என்ன?

அது ஒரு கொடிச்செடி. இலையைப் பெரிய கொப்பரையில் வேகவைத்து, சாற்றைச் சுண்டக் காய்ச்சி, கட்டியாக்கி விற்றார்கள். வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டிக்கு நெருங்கிய சரக்கு. வாயைச் சுருக்கும் அதன் துவர்ப்புதான் தோலைப் பதப்படுத்தவும் துணிக்குப் பழுப்பு நிறம் ஏற்றவும் உதவியது.

1819ல் ராஃபிள்ஸ் வந்தபோதே இத்தீவில் காம்பியர் தோட்டங்கள் இருந்தன. 1835ல் தியோச்சியூ வணிகர் சியா யூ சின், ரிவர் வேலியிலிருந்து புக்கிட் தீமா, தாம்சன் சாலைகள் வரை அதைப் பெரிய அளவில் பயிரிடத் தொடங்கினார். வேகவைத்த இலைச் சக்கை மிளகுக் கொடிக்கு உரமானது. விறகுக்கோ சுற்றியிருந்த காடுதான். 15, 20 ஆண்டுகளில் மண் சத்திழக்க, தோட்டக்காரர்கள் அடுத்த காட்டுக்கு நகர்ந்தார்கள். பின்னர் ஜோகூருக்கே போய்விட்டார்கள். இயற்கைச் சாயம் என்றாலே இயற்கைக்குத் தீங்கில்லாதது என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

செயற்கைச் சாயத்தின் கணக்கு அதைவிடப் பெரியது. நொய்யல் ஆற்றில் கழிவு கலந்ததால், 2011ல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

தமிழர்களுக்கும் இத்தீவுகளுக்கும் உள்ள பழைய உறவே சாயத் துணியால் வந்ததுதான். நாகப்பட்டினம், பழவேற்காடு துறைமுகங்களிலிருந்து போன துணி, நறுமணப் பொருள்களுக்கு மாற்றாக மலாய்த் தீவுகளில் விலைபோனது. மலாய்க்காரர்கள் கட்டும் கட்டம்போட்ட கைலிக்கு ‘காயின் பெலிக்காட்’ என்று இன்றும் பெயர். பழவேற்காட்டை ஐரோப்பியர் ‘புலிக்காட்’ என்று அழைத்ததன் மிச்சம் அது. சோழமண்டலக் கரையின் பழைய துணிகளை ஆசிய நாகரிக அரும்பொருளகம் சேர்த்து வைத்திருக்கிறது.

அந்தத் துணிகளின் சிவப்பு, சாயவேரிலிருந்து வந்தது. வேரை அரைத்துத் துணியில் பூசினால் சிவப்பு வராது. துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் ஊறவைத்துக் காயவைப்பார்கள். சிவப்பு வேண்டிய இடத்தில் மட்டும் படிகாரக் கரைசலால் வரைவார்கள். பிறகு சாயவேர்த் தண்ணீரில் காய்ச்சினால், படிகாரம் பட்ட இடம் சிவக்கும். மற்ற இடத்தில் ஏறிய மங்கல், துவைத்து வெயிலில் போடப்போட வெளுத்துவிடும். கறுப்புக்குப் படிகாரத்துக்குப் பதில், வெல்லத் தண்ணீரில் இரும்புத் துண்டுகளை ஊறவைத்த கரைசல். சாயக்காரரின் வித்தை நிறத்தில் இல்லை, அதைப் பிடித்து நிறுத்துவதில்தான் இருந்தது. 1869ல் செயற்கை அலிசரினுக்குக் காப்புரிமை வாங்கப்பட்ட பின், சாயவேர் தோண்டும் தொழில் படிப்படியாகப் படுத்தது.

இன்று வீட்டில் செய்து பார்க்க விரும்புபவர் தேக்காவைத் தாண்டிப் போகவேண்டியதில்லை. கடுக்காய்த் தூள், படிகாரம், மஞ்சிட்டி மூன்றும் நாட்டு மருந்துச் சரக்குகள். சாயவேருக்குப் பதில் மஞ்சிட்டி. (காம்பியர், சாயவேர், மஞ்சிட்டி எல்லாமே காப்பிச் செடியின் குடும்பம், பாத்திக் துணிக்குச் சிவப்புத் தந்த நுணா வேரும் அதே குடும்பம்தான்.) வெங்காயத் தோலும் மாதுளைத் தோலும் காசில்லாமலே சேரும்.

பருத்தித் துணி 100 கிராம் என்றால் கடுக்காய்த் தூள் 20 கிராம், படிகாரம் 15 கிராம் போதும். புதுத் துணியின் கஞ்சி போக முதலில் நன்றாகக் கொதிக்கவைத்து அலச வேண்டும். பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள், பிறகு திட்டுத்திட்டாக வருகிறது. கடுக்காய்த் தண்ணீரில் ஓரிரவு ஊறட்டும். காய்ந்ததும் வெந்நீரில் கரைத்த படிகாரத்தில் சில மணி நேரம். அதன்பின் வடிகட்டிய சாயத் தண்ணீரில், தளதளவென்று கொதிக்கவிடாமல் ஒரு மணி நேரம் சிறுதீயில் வைக்கலாம். பட்டு இன்னும் எளிதாக நிறம் வாங்கும். பாலியெஸ்டர் வாங்கவே வாங்காது. சமையல் பாத்திரத்தை இதற்கு எடுக்கக் கூடாது.

அவுரி நீலம் மட்டும் தனி ரகம். அதற்குப் படிகாரம் தேவையில்லை. புளிக்கவைத்த தொட்டியில் முக்கி எடுக்கும்போது துணி மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்முன்னே நீலமாகும்.

வீவக வீட்டில் மூங்கில் கழியில் உச்சி வெயிலில் காயப்போடுவதைவிட நிழலில் உலர்த்துவது நல்லது. மஞ்சளும் சங்குப்பூவும் முதல் நாள் அள்ளிக்கொண்டு போகும் அழகு. வெயிலிலும் சோப்பிலும் சீக்கிரமே வெளிறிவிடும். மாதுளைத் தோலின் மஞ்சள் அவ்வளவு பளிச்சென்று இராது, ஆனால் நிற்கும்.