ஜேம்ஸ் ஹேமட்டின் கல்லறையும் பண்ணையாரின் காவலும்

இங்கிலாந்தின் தென்மேற்கே டார்செட் வட்டாரத்தில் டோல்படல் என்று ஒரு சிற்றூர். அந்த ஊர்த் தேவாலயத்து முற்றத்தில் ஜேம்ஸ் ஹேமட் என்ற விவசாயக் கூலியின் கல்லறை இருக்கிறது. 1811இல் பிறந்தவர், 1891 நவம்பர் 21 அன்று இறந்தார். அவரைப் புதைத்தபோது உள்ளூர்ப் பண்ணையார் குழிக்கருகே வந்து நின்றுகொண்டாராம். தொழிற்சங்கத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசிவிடக் கூடாது என்பதற்காக அந்தக் காவல். தொழிற்சங்க இயக்கம் இதைத் தலைமுறைகளாகச் சொல்லிவருகிறது.

எண்பதை நெருங்கிய வயதில், பார்வை போய், டார்செஸ்டர் ஏழைகள் விடுதியில் இறந்த ஒரு கிழவரின் சவ அடக்கத்துக்கு எதற்குக் காவல்? அதற்கு அறுபது வருடம் பின்னால் போக வேண்டும்.

1830களின் தொடக்கத்தில் டோல்படல் கூலிகளுக்கு வாரம் 9 ஷில்லிங். அது 8 ஆனது, 7 ஆனது, இனி 6தான் என்றார்கள். மற்ற ஊர்களில் கொடுப்பதையே இங்கும் கொடுப்போம் என்று நிலக்காரர்கள் ஒப்புக்கொண்டதாகவும், ஊர்ப் பாதிரியார் அதற்குச் சாட்சியாக இருந்ததாகவும், பிறகு அவரே அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று சொன்னதாகவும் ஜார்ஜ் லவ்லெஸ் எழுதிவைத்திருக்கிறார். (சாட்சி பிறழ்வது நமக்குப் புதிய கதையா என்ன!) லவ்லெஸ் ஏர் உழுபவர், மெதடிஸ்ட் சபையின் உபதேசியார். 1833இல் அவரும் தோழர்களும் சங்கம் தொடங்கினார்கள். புதிதாகச் சேருபவர் கண்ணைக் கட்டிக்கொண்டு சத்தியம் செய்ய வேண்டும்.

சங்கம் வைப்பது அப்போது குற்றமில்லை. 1824லேயே அந்தத் தடை நீங்கிவிட்டது. அதனால் பெருநிலக்காரரும் நீதிபதியுமான ஜேம்ஸ் ஃபிராம்ப்டன், உள்துறை அமைச்சர் மெல்போர்ன் பிரபுவுக்குக் கடிதம் எழுதி வேறு வழி தேடினார். கடற்படையில் கலகம் நடந்த 1797இல், ரகசிய சத்தியங்களுக்கு எதிராக ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். அதைத் தூசு தட்டி எடுத்தார்கள். 1834 பிப்ரவரியில் ஆறு பேர் கைது. வழக்கை விசாரணைக்கு அனுப்பிய குழுவின் தலைவர் மெல்போர்னின் மைத்துனர். கைதுக்கு ஆணை போட்டவர்களே அந்தக் குழுவிலும் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு பேருக்கும் ஏழு ஆண்டு ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தல். அவர்களுடைய மனைவி மக்களுக்கு ஊர்ச்சபை தர வேண்டிய ஏழைகள் உதவியையும் மறுத்தார்கள். ஒரு சத்தியத்துக்காக ஆறு குடும்பங்களின் அடுப்பையும் அணைக்கப் பார்த்தார்கள்.

அந்த ஆறு பேரில் நால்வர் ஒரே குடும்பம்: லவ்லெஸ் சகோதரர்கள் இருவர், அவர்களுடைய சகோதரியின் கணவர் தாமஸ் ஸ்டாண்ட்ஃபீல்ட், அவர் மகன் ஜான். ஐந்தாமவரான ஜேம்ஸ் பிரைன் பின்னாளில் ஸ்டாண்ட்ஃபீல்டின் மகளை மணந்தார். வெளியாள் ஹேமட் மட்டும்தான். சத்தியம் செய்த இரவில் அங்கே இருந்தவர் அவரே இல்லை, அவருடைய சகோதரர் ஜான் என்றும், ஜானின் மனைவி பிள்ளைத்தாய்ச்சி என்பதால் ஹேமட் வாயைத் திறக்காமல் தண்டனையை ஏற்றார் என்றும் ஒரு செய்தி உண்டு.

ஆஸ்திரேலியாவில் தன்னை ஒரு பவுனுக்கு அடிமையைப் போல விற்றார்கள் என்று அவரே பிறகு சொன்னார். அவர் வேலை செய்த பண்ணை எட்வர்ட் ஐர் என்பவருடையது. இதே ஐர்தான் 1865இல் ஜமைக்காவின் ஆளுநராக இருந்து, மோரன்ட் பேயில் எழுந்த கறுப்பின மக்களை நூற்றுக்கணக்கில் கொன்று அடக்கியவர். டார்செட் கூலியும் ஜமைக்காவின் கறுப்பின உழவரும் ஒரே எஜமானரின் கீழ் வருவது தற்செயல் என்று நாம் நினைக்கவில்லை. அந்தப் பண்ணை இருந்த நிலம் ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமிருந்து பறித்தது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

லண்டனில் பெரும் ஊர்வலம் நடந்தது. மனுக்களில் லட்சக்கணக்கில் கையெழுத்து விழுந்தது. 1836இல் முழு மன்னிப்பு கிடைத்தது. ஹேமட் ஊர் திரும்ப 1839 ஆகிவிட்டது. மற்ற ஐவரும் எசெக்ஸில் சில வருடம் குத்தகைக்கு உழுதுவிட்டுக் கனடாவுக்குப் போய்விட்டார்கள். ஹேமட் மட்டும் டோல்படலில் கட்டட வேலை செய்து பிழைத்தார், தன்னைக் கடத்திய அதே வட்டாரத்தில்.

சில மைல் தூரத்தில் மோர்ட்டன். ஃபிராம்ப்டன் குடும்பத்தின் ஊர். அங்குள்ள தேவாலயத்தையே 1776இல் கட்டியது அந்தக் குடும்பம்தான். குடும்பத்தாரின் நினைவுச் சின்னங்கள் தேவாலயத்துக்குள்ளேயே இருக்கின்றன. இங்கிலாந்தின் கிராமங்களில் நிலமுள்ளவர்கள் கூரைக்குக் கீழே, கூலிகள் வெளியே புல்தரையில், பெரும்பாலும் கல்கூட இல்லாமல். மெதடிஸ்ட் போன்ற பிற சபையினர் ஊர்த் தேவாலய முற்றத்தில் தங்கள் முறைப்படி அடக்கம் செய்யும் உரிமையே 1880ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. சுடுகாட்டுப் பாதைக்கே மனு எழுதி அலைகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஹேமட்டுக்கு இன்று இருக்கும் கல் 1934இல் வந்தது. நூற்றாண்டையொட்டித் தொழிற்சங்கக் காங்கிரஸ் எடுத்த முயற்சி அது. தேவாலயமும் அரசும் தாமாக முன்வந்து செய்ததல்ல. அதே ஆண்டில் அதே ஊரில் ஓய்வுபெற்ற விவசாயத் தொழிலாளர்களுக்கு ஆறு வீடுகளையும் கட்டினார்கள். நம்மைக் கேட்டால் கல்லைவிட அந்த வீடுகள்தான் பெரிய நினைவுச் சின்னம். கல்லைச் செதுக்கிய எரிக் கில் தன் சொந்த மகள்களையே பாலியல் வன்கொடுமை செய்தவர் என்பது 1989இல் வெளிவந்தது. கல்லைக் கொண்டாடும்போது அதையும் மறைக்காமல் சொல்வோம்.

கனடாவுக்குப் போனவர்களின் கல்லறைகளைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. ஜார்ஜ் லவ்லெஸ் 1874இல் ஒன்டாரியோவில் இறந்து, சைலோம் என்ற இடத்தில் அடக்கமானார். புது ஊரில் அவர்கள் தங்கள் கைதையும் விலங்கையும் பற்றி வாய் திறக்காமலே வாழ்ந்தார்கள். அக்கம்பக்கத்தாருக்கு அவர்கள் அமைதியான, பக்தியுள்ள விவசாயிகள், அவ்வளவுதான். நகரத்துக்குப் போய் ஊர்ப் பெயரைக்கூட மாற்றிச் சொல்ல நேர்ந்த நம் பெரியவர்களின் மௌனத்தை அறிந்தவர்கள் இதைக் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டார்கள். டோல்படலில் ஆண்டுதோறும் ஜூலை மாதம் தொழிற்சங்கக் கொடிகளோடு ஊர்வலம் வருகிறது. ஹேமட்டின் கல்லறையில் மலர்வளையம் வைத்து, அதற்குப் பக்கத்திலேயே நின்று சங்கத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.