சைகையைப் பாராத பந்து
1884ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரொலிடோ பேஸ்போல் அணியில், அடிப்பவருக்குப் பின்னே நின்று பந்தேந்தியவர் மோசஸ் பிளீற்வூட் வோக்கர் என்ற கறுப்பினத்தவர். எவ்வாறு எறிவதென்று பந்தெறிவாளருக்குச் சைகை காட்டுவதும் பந்தேந்துபவரின் கடமை. ஆனால் அவருடைய அணியின் பந்தெறிவாளர் ரோனி முலேன், நிறவெறுப்பினால் அச்சைகையைப் பாராமலே எறிந்ததாகப் பின்னாளில் தாமே ஒப்புக்கொண்டார். தம்முடன் ஆடிய பந்தேந்துவோருள் வோக்கரே சிறந்தவர் என்றும் கூறினார்.

1887 யூலையில் இன்டர்நஷனல் லீக்கின் முதலாளிகள், கறுப்பருடன் இனிப் புதிய ஒப்பந்தமில்லை என வாக்களித்தனர். உயர்மட்ட லீக்குகளும் அவ்வழியே நடந்தன. அவற்றின் கதவு ஜாக்கி ரொபின்சனுக்குத் திறந்தது 1947இலேதான். வோக்கரோ 1924இலேயே மறைந்துவிட்டார்.

நிறத்தடையை இயற்கையின் விதி என்போர், அந்த வாக்கெடுப்பின் ஆண்டை ஒருமுறை நோக்கட்டும்.