தேயிலையும் சேமநலமும்



கொத்மலைச் சரிவுகளில் விடியும் முன்பே பிரட்டுக் களம் கூடிவிடும். குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, கூடையைத் தாங்கித் தாய்மார் மலையேறுவர். அவர்கள் பறித்த கொழுந்துக்கும் சேமநல அரசுக்கும் உள்ள தொடர்பே இன்றைய பேச்சின் பொருள்.

சேமநல அரசு செல்வ நாடுகளுக்கே உரியது என்பார் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. ஜெர்மனியில் 1883இல் பிஸ்மார்க் தொழிலாளர்க்கு நோய்க் காப்புறுதி அளித்தது இரக்கத்தால் மட்டுமன்று. வளர்ந்துவந்த சோஷலிஸ்டுகளின் செல்வாக்கைத் தடுக்கவுமேயாம். பிரித்தானியாவின் பெவரிட்ஜ் அறிக்கை 1942இல், போரின் நடுவே பிறந்தது. கேட்கும் வலிமை மக்களுக்கு வந்தபோதே கொடுக்கும் மனம் அரசுக்கு வந்தது.

இலங்கையோ ஏழை நாடு. ஆயினும் 1931இலேயே சர்வசன வாக்குரிமை கண்டது. வாக்குக் கேட்டு வந்தோர் வாழ்வுக்கும் வழி சொல்ல வேண்டியதாயிற்று. கல்வியமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. போர்க்காலத்தில் தோன்றிய பங்கீட்டு அரிசி பின்னரும் நீடித்தது. 1953இல் அதன் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது நாடெங்கும் ஹர்த்தால் மூண்டது. பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். 1946இல் ஏறத்தாழ 43 ஆண்டாயிருந்த சராசரி ஆயுள் 1963இல் அறுபதைக் கடந்தது.

இவற்றுக்குப் பணம் ஏது? தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றின் ஏற்றுமதித் தீர்வை அன்று அரசிறையின் முக்கிய பங்காயிருந்தது. ஆனால், கொழுந்து பறித்தவர் பெற்றது என்ன? தோட்டப் பாடசாலைகள் இலவசக் கல்வித் திட்டத்துக்குப் புறம்பாகவே நின்றன. 1947 தேர்தலில் கொத்மலையை அடுத்த நாவலப்பிட்டி, தலவாக்கலை உட்பட ஏழு தொகுதிகளில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்றது. 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டமும் 1949இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. 1952இல் அக்கட்சிக்கு ஓர் ஆசனமும் இல்லை. அவர்களுக்காகக் கேட்பார் சபையில் இல்லை, கொடுப்பாரும் இல்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களிலே இறப்பு விகிதம் கடுமையாக உயர்ந்தது.

மாற்றமும் அதே வாயிலாகவே வந்தது. 1977இல் சௌமியமூர்த்தி தொண்டமான் தேர்தலில் வென்று, அடுத்த ஆண்டு அமைச்சரானார். அக்காலம் முதலே தோட்டப் பாடசாலைகள் பெருமளவில் அரசின் கைக்கு வந்தன. பிரஜாவுரிமையற்றோர் எஞ்சியிருந்த நிலையைத் தீர்க்க 1988இலும் 2003இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. எனினும், இன்றும் சொந்த நிலமின்றி லயன் அறைகளில் வாழ்வோர் பலர்.

வளரும் நாடு சேமநல அரசை மேற்கொள்ள இயலுமா? இயலும், இலங்கை அதற்குச் சான்று. ஆனால், ஒரு நாட்டின் சேமநலத்தை அளக்கத் தலைநகரின் மருத்துவமனையை மட்டும் பார்த்தால் போதாது. அதன் செலவுக்கு உழைத்தவரின் வாசலையும் பார்க்க வேண்டும். கொத்மலையின் லயன் வாசல் அத்தகைய அளவுகோல்.